ஒரு காப்புரிமையும் உயிர்த்தொழிலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் குழந்தைகளின் நாடகமும் காணும் ஆவலுடன் வந்திருக்கும் உங்கள் முன்னே, கூட்ஸ் ஆபீசில் ரசீது எழுதும் குமாஸ்தாவாகிய நான் விஞ்ஞானம் பேச நிற்பது விந்தையாகத் தோன்றலாம். என் படிப்போ பத்தாம் வகுப்போடு நின்றது. ஆகவே பிழை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன். எனினும் இந்தப் பொருளோடு எனக்கு ஒரு சொந்தத் தொடர்பு உண்டு. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

என் தந்தையார் பொன்மலையிலிருந்து மாற்றலாகி இந்தக் கரக்பூர்ப் பணிமனைக்கு வந்தவர். நாற்பது வயதிலே அவருக்குச் சர்க்கரை நோய் கண்டது. எங்கள் வீட்டில் அப்பொழுது குளிர்சாதனப் பெட்டி கிடையாது. இன்சுலின் குப்பியை ஒரு சிறு துணிப்பையில் இட்டு, மண்பானைத் தண்ணீருக்கு மேலே படும்படி அம்மா கட்டித் தொங்கவிடுவார்கள். கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் இட்டு எடுப்பது என் வேலை. ஊசி போட்ட இடமெல்லாம் அவருடைய தொடையில் குழி விழுந்திருந்தது. அந்தக் காலத்து இன்சுலின் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. எங்கள் வீடோ வெங்காயம் கூட விலக்கிய வீடு. அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று அப்பா கேட்டதே இல்லை, அம்மாவும் கேட்கவில்லை. தெரிந்தே கேளாமல் இருந்தார்கள் என்று இப்பொழுது நினைக்கிறேன்.

1999இல் அவர் காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. வேலையோடு நோயும் எனக்கு வந்து சேர்ந்தது. ஆறு ஆண்டுகளாக நானும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். என் தொடையில் குழி விழவில்லை. "ஏன் விழவில்லை?" என்று பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளைக் கேட்டேன். "அப்பா, நீங்கள் போடுவது மாட்டு இன்சுலின் அல்ல, மனித இன்சுலின். அதை நுண்ணுயிர்கள் செய்கின்றன" என்றாள். அன்று தொடங்கிய விசாரணைதான் இன்று இந்த மேடையில் வந்து நிற்கிறது.

நண்பர்களே! இன்சுலினைக் கனடா நாட்டு டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார்கள். அதற்குமுன் இளம் வயதில் இந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது. இந்த மருந்தின் காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் 1923இல் டொராண்டோ பல்கலைக் கழகத்திற்குத் தலைக்கு 1 டாலர் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். நோயாளியின் உயிரைத் தனி உடைமை ஆக்கலாகாது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இது ஒரு வழி.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வழி பிறந்தது. அதுவே இன்று நான் சொல்ல வந்த கதை.

1972 நவம்பரில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரிலே நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே ஸ்டான்லி கோஹன் என்பவரும் ஹெர்பர்ட் பாயர் என்பவரும் சந்தித்தனர். முன்னவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர். பின்னவர் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர். இரண்டு ஊர்களும் ரயிலில் ஒரு மணிப் பயணத் தொலைவுதான். ஆயினும் இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தீர்மானித்தது கடல் கடந்த அந்தத் தீவில், இரவு நேரத்தில், ஒரு சிற்றுண்டிக் கடையில்!

அவர்களிடம் என்ன இருந்தது? நம் தொழிலைக் கொண்டே விளக்குகிறேன். உயிர் ஒவ்வொன்றின் அமைப்பையும் வேலையையும் குறித்து வைத்திருக்கும் நீண்ட இழைக்கு டி.என்.ஏ. என்று பெயர். அதை ஒரு நெடிய கூட்ஸ் வண்டியாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வேகனும் ஒரு மரபணு. பாயரிடம் ஒரு நொதி இருந்தது. அது இழையில் குறிப்பிட்ட ஓர் எழுத்து வரிசை வரும் இடத்தில் மட்டும் வெட்டும். வெட்டிய நுனியில் ஒரு கொக்கி போன்ற பகுதியை விட்டு வைக்கும். தெற்கு ரயில்வே வேகனும் வடக்கு ரயில்வே வேகனும் கொக்கி ஒன்றாயிருந்தால் இணைவது போல, எந்த உயிரின் துண்டாயினும் அந்த நுனியும் இந்த நுனியும் ஒட்டிக்கொள்ளும். கோஹனிடமோ 'பிளாஸ்மிடு' என்ற சிறு வளையம் இருந்தது. அது நுண்ணுயிருக்குள்ளே தனியே வாழும் ஒரு டி.என்.ஏ. வளையம். அதை நுண்ணுயிருக்குள் புகுத்தும் முறையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வளையத்தை வெட்டி, அயல் மரபணு ஒன்றை இணைத்து, மீண்டும் வளையமாக்கி, நம் குடலில் வாழும் 'ஈ. கோலி' என்னும் நுண்ணுயிருக்குள் விட்டார்கள். அந்த உயிர் நல்ல சூழலில் சுமார் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். பெருகும்போது புகுந்த மரபணுவையும் சேர்த்தே நகல் எடுக்கும். 1973ஆம் ஆண்டில் இது கைகூடியது. அவ்வாண்டு நவம்பரில் கட்டுரையாக வெளிவந்தது. மறு ஆண்டில் தவளை ஒன்றின் மரபணுவையும் நுண்ணுயிருக்குள் பெருக்கிக் காட்டினார்கள். தவளையினது நுழையுமானால் மனிதனுடையதும் நுழையும் அல்லவா? இன்சுலின் செய்யும் மனித மரபணுவை நுழைத்துவிட்டால், அந்த உயிர் மனித இன்சுலினையே வடித்துத் தருமல்லவா?

இனிக் காப்புரிமைக்கு வருவோம். 1974 மே மாதத்தில் இச்செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்த நீல்ஸ் ரைமர்ஸ் என்பவர், ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வாங்கும் அலுவலகத்தை நடத்தியவர். அவர் கோஹனை அணுகி, "இதற்குக் காப்புரிமை கோரலாம்" என்றார். கோஹன் முதலில் தயங்கினார். தமக்கு முன்னே பலர் பல ஆண்டு உழைத்த உழைப்பின்மேல் நின்றல்லவா தாம் இதைச் செய்தோம் என்பது அவர் எண்ணம். பின்னர் ஒருவாறு இணங்கினார்.

அதற்குள் காலம் கடந்துகொண்டிருந்தது. ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்ட ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஏனைய நாடுகள் பலவற்றில் அந்த ஓராண்டுச் சலுகையும் இல்லை. வெளியிட்ட அன்றே உரிமை போய்விடும். கெடு முடியச் சில நாட்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4ஆம் நாள் மனுத் தாக்கல் ஆயிற்று. ஆகவே இந்த உரிமை அமெரிக்க நாட்டோடு நின்றது. வேறு எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

மனு ஆறு ஆண்டுகள் நிலுவையில் கிடந்தது. அந்த இடைக்காலத்தில் எதிர்ப்பும் அச்சமும் எழுந்தன. இயற்கையில் இல்லாத உயிரை உண்டாக்கினால் என்ன கேடு விளையுமோ என்று விஞ்ஞானிகளே அஞ்சினார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி, எந்தச் சோதனையை எவ்வளவு காவலோடு செய்யலாம் என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். கட்டுரைகளில் பெயர் இருந்தும் காப்புரிமையில் பெயர் இல்லாது போன கூட்டாளிகளுக்கு மனத்தாங்கலும் ஏற்பட்டது. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்குப் பல்கலைக் கழகம் உரிமை கோரலாமா என்று கேட்டவர்களும் உண்டு. இந்தக் கேள்விகளில் நியாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை.

இடையிலே நம் பகுதியைச் சேர்ந்த ஒருவர் இக்கதைக்குள் வருகிறார். ஹௌராவிலிருந்து வடக்கே செல்லும் பாதையில் சைந்தியா என்றொரு சந்திப்பு இருப்பதை நம்மவர் அறிவர். அவ்வூரில் 1938இல் பிறந்து, கல்கத்தாவில் பயின்று, அமெரிக்கா சென்றவர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. கசிந்த எண்ணெயைச் சிதைக்கும் ஒரு நுண்ணுயிரை அவர் உருவாக்கினார். "உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை இல்லை" என்று அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980 ஜூன் 16ஆம் நாள், 9 நீதிபதிகளில் 5 பேர் சக்கரவர்த்தியின் பக்கமும் 4 பேர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. மனிதன் ஆக்கியதாயின் உயிருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். இனி இந்தத் துறையில் துணிந்து பணம் போடலாம் என்ற நம்பிக்கை முதலாளிகளுக்கு அந்தத் தீர்ப்பால் உண்டாயிற்று. ஒரு நீதிபதியின் மனம் மாறியிருந்தால் உயிர்த்தொழிலின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

ஆறு மாதத்திற்குள், 1980 டிசம்பர் 2ஆம் நாள் கோஹன்–பாயர் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் 1984இலும் 1988இலும் அதன் தொடர்ச்சியாக இரண்டு உரிமைகள் கிடைத்தன. மூன்றும் ஒரே நாளில், 1997 டிசம்பர் 2 அன்று, முடிவடையும்படி பல்கலைக் கழகம் ஒப்புக்கொண்டது.

இனிச் சொல்லப்போவதே ஒரு கூட்ஸ் குமாஸ்தாவாகிய எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இப்பேர்ப்பட்ட உரிமை கையில் கிடைத்தவர் என்ன செய்திருக்கலாம்? ஒரே ஒரு கம்பெனிக்குப் பெருந்தொகைக்கு விற்றிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அமெரிக்காவில் ஒரு கம்பெனி மட்டும் இந்த வேலையைச் செய்திருக்கும். ஸ்டான்ஃபோர்டு அப்படிச் செய்யவில்லை. கேட்டவர்க்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது. ஒப்பமிட 10,000 டாலர். ஆண்டுதோறும் 10,000 டாலர். அதன்மேல் விற்பனையில் ஒரு சிறு பங்கு: தொடக்கத்தில் நூற்றுக்கு 1, விற்பனை பெருகப் பெருக நூற்றுக்கு 1/2 வரை இறங்கும். ஆதாயம் கருதாமல் ஆராய்ச்சி செய்யும் கல்விச்சாலைகள் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

நம் சரக்குக் கட்டண அட்டவணையைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. தூரம் கூடக் கூட மைலுக்கு உள்ள விகிதம் குறைந்துகொண்டே போவதை நாம் 'டெலஸ்கோபிக் ரேட்' என்கிறோம். விகிதத்தைக் கடுமையாக்கினால் சரக்கு லாரிக்குப் போய்விடும். மிதமாக்கினால் சரக்கு பெருகும். பெருகினால் வருமானமும் பெருகும். வழக்காடுவதைவிட இந்தச் சிறு தொகையைக் கட்டிவிடுவதே இலாபம் என்று கம்பெனிகள் நினைக்கும் அளவில் விகிதத்தை வைத்தார்கள். 1981 டிசம்பர் 15ஆம் நாளுக்குள் 73 கம்பெனிகள் ஒப்பமிட்டன. உரிமை முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 468 ஆயிற்று. இந்த முறையைக் கொண்டு 2,000க்கும் மேற்பட்ட பொருள்கள் வெளிவந்தன. இரண்டு பல்கலைக் கழகங்களும் பெற்ற தொகை சுமார் 25 கோடி 50 இலட்சம் டாலர்.

பணத்தின் மற்றொரு பக்கத்தையும் காண்போம். 1976இல் பாயரும், ராபர்ட் ஸ்வான்சன் என்ற 28 வயது இளைஞரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு 'ஜெனன்டெக்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1978இல் நுண்ணுயிரைக் கொண்டு மனித இன்சுலின் செய்து காட்டினார்கள். 1980 அக்டோபர் 14ஆம் நாள் அதன் பங்குகள் 35 டாலர் விலைக்குச் சந்தைக்கு வந்தன. ஒரு மணி நேரத்திற்குள் 88 டாலரைத் தொட்டன. விற்க ஒரு மருந்தும் கையில் இல்லாத கம்பெனிக்கு இந்த மதிப்பு! 1982 அக்டோபரில் அந்த இன்சுலினை லில்லி கம்பெனி விற்க அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2009இல் ரோஷ் என்ற சுவிஸ் நாட்டுக் கம்பெனி, ஜெனன்டெக்கில் தன்னிடம் இல்லாத எஞ்சிய பங்குகளை மட்டும் 4,680 கோடி டாலருக்கு வாங்கிற்று.

பணத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் இது வட்டிக்கடைப் பேச்சாகிவிடும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சுரப்பு மருந்தை அதுவரை இறந்தவர்களின் மூளைச் சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். அதனால் சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றியது கண்டு, 1985இல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் நுண்ணுயிர் செய்த மருந்து வந்து சேர்ந்தது. 1986இல் மஞ்சள் காமாலையின் ஒரு வகைக்குத் தடுப்பூசி, 1987இல் மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, 1989இல் சிறுநீரகம் பழுதானவர்க்கு இரத்தம் ஊற உதவும் மருந்து என்று வரிசையாக வந்தன. அந்தக் கடைசி மருந்தின் பெயரை அப்பாவின் மருத்துவச் சீட்டில் நான் கண்டிருக்கிறேன். அன்று அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. விலை மட்டும் தெரிந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் மலிவாக இருந்ததால் மட்டும் மருந்து மலிவாகிவிடவில்லை. 1 டாலருக்குக் கொடுக்கப்பட்ட இன்சுலின், அமெரிக்க நாட்டிலேயே ஏழைகளுக்கு எட்டாப் பொருளாயிற்று. 1996இல் சுமார் 21 டாலருக்கு வந்த ஒரு புதுவகை இன்சுலின் குப்பி, 2017இல் சுமார் 275 டாலர் ஆயிற்று. கண்டனம் வலுத்த பின்னரே, 2023இல் விலைப் பட்டியலைப் பெரிதும் குறைத்தார்கள். கண்டறிந்தவர்களின் நல்ல மனம் குப்பியின் விலைச்சீட்டு வரை தானாக வந்து சேர்வதில்லை. அதற்குச் சட்டமும் போட்டியும் மக்களின் குரலும் வேண்டியிருக்கின்றன.

அப்படியானால் காப்புரிமையே கூடாதா? 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மில்ஸ்டீன், கோலர் என்ற இருவர் ஒற்றை வகை எதிர்ப்பொருளைப் பெருக்கும் முறையைக் கண்டார்கள். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அம்முறையும் உலகெங்கும் பரவிற்று. அதிலிருந்தும் பெருந்தொழில் வளர்ந்தது. வருமானம் மட்டும் அந்நாட்டுக்கு வரவில்லை. ஆகவே உரிமை எடுத்தும் பரவலாம், எடாமலும் பரவலாம். உரிமையை வைத்திருப்பவர் கதவைத் திறந்து வைக்கிறாரா, பூட்டி வைக்கிறாரா என்பதே கேள்வி என்று என் சிற்றறிவுக்குப் படுகிறது.

இறுதியாக நம் நாட்டுக்கு வருகிறேன். கோஹன்–பாயர் உரிமை அமெரிக்காவோடு நின்றது என்றேன். அதாவது, இந்தியாவில் இந்த முறையைக் கையாள ஒருவருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேலும், 1970ஆம் ஆண்டின் நம் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தரவில்லை. செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. 2005 வரை இந்நிலை இருந்தது. சட்டத்தின் கதவு திறந்தே கிடந்தது. எனினும் இம்முறையில் இந்தியாவிலேயே உருவான முதல் பொருள், ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் செய்த மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, வந்தது 1997இல்தான். வோக்கார்ட் கம்பெனியின் மனித இன்சுலின் 2003இலும், பெங்களூர் பயோகானின் இன்சுலின் 2004இலும் வந்தன.

திறந்த கதவினுள் நுழைய நமக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? முறை காகிதத்தில் இருந்தது. அதைச் செய்யும் கை பயிற்சி பெற்றிருக்கவில்லை. சோதனைச்சாலையும் பயிற்சியும் துணிந்து முதல் போடுவோரும் சேர்ந்தாலன்றிக் காகிதத்தில் உள்ள அறிவு மருந்தாக மாறுவதில்லை. இலவசமாகக் கிடைத்த பாதையில் வண்டி ஓட்ட நம்மிடம் டிரைவர் இல்லை என்பதே இதன் பொருள்.

இதனால்தான் இன்று காலனிப் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். நம் பிள்ளைகள் பத்தோ பன்னிரண்டோ முடித்தவுடன் "ஏதாவது ஒரு பரீட்சை எழுதி ரயில்வேயில் சேர்" என்கிறோம். அது நம்மைக் காத்த வேலை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சோற்றைத்தான் நானும் உண்கிறேன். ஆயினும் சோதனைச்சாலையில் நிற்க ஒரு பிள்ளை விரும்பினால், "அதில் என்ன சம்பளம் வரும்?" என்ற கேள்வியை முதலில் கேளாதீர்கள். என் மகள் உயிரியல் படிக்க வேண்டும் என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் பதில் சொல்லவில்லை. என் இன்சுலின் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மறுவாரம் அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன்.

சங்கத்தாருக்கும் ஒரு சொல். நம் நூலகத்தில் புதினங்களுக்கு நான்கு அலமாரிகள் உள்ளன. விஞ்ஞானத்திற்கு ஒன்றும் இல்லை. இவ்வாண்டு ஓர் அலமாரி ஒதுக்குங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நல்ல நூல்கள் வாங்க, என் பங்காக ஒரு மாதத்து இரவுப்பணிப் படியைச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிட்டேன். அப்பாவின் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவர் தொடையில் விழுந்த குழிகள் என் பிள்ளைக்கு விழாமல் இருந்தால் போதும்.

 குழந்தைகளின் நாடகத்திற்கு நேரமாகிவிட்டது, விடைபெறுகிறேன்.